நடக்காத தேர்தலுக்குப் பார்வையாளர் இல்லை

போர் ஓய்ந்த இலங்கையின் வடக்கில் 2013-இல் வாக்குச்சாவடி திறக்க உலகமே உடன் நின்றது. அங்கே பிறந்த அவை 2018-இல் காலாவதியானபோது கேட்க ஆளில்லை.

விழிஞ்ஞத்தில் இரண்டு துறைமுகங்கள் அருகருகே இருக்கின்றன. ஒன்று பழையது. ஒரு கரையில் மசூதி, மறு கரையில் மாதா கோயில், நடுவே வள்ளங்களும் படகுகளும் நெருக்கியடிக்கும் மீன்பிடித் துறை. மற்றது புதியது. ராட்சத கிரேன்கள் நிற்கும் சரக்குத் துறைமுகம். 2024 ஜூலையில் 'சான் ஃபெர்னாண்டோ' என்ற முதல் பெரிய சரக்குக் கப்பல் இங்கே வந்தது. 2025 மே 2 அன்று பிரதமர் நரேந்திர மோடி துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். இந்தியச் சரக்கு கொழும்புக்குப் போய்க் கப்பல் மாறும் பழக்கத்துக்கு முடிவு கட்டவேண்டும் என்பது திட்டம். திருவனந்தபுரத்திலிருந்து 16 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இந்த ஊர், கடலுக்கு அப்பால் சுமார் 350 கிலோமீட்டரில் இருக்கும் கொழும்பை இப்போது வியாபாரப் போட்டியாளராகப் பார்க்கிறது.

ஆனால் இலங்கையின் இன்னொரு முகத்தையும் இந்தக் கரை பார்த்திருக்கிறது. 2021 மார்ச்சில் கடலோரக் காவல் படை 'ரவிஹன்சி' என்ற இலங்கைப் படகை அரபிக் கடலில் மடக்கி இங்கே கொண்டுவந்தது. படகில் இருந்தவை சுமார் 300 கிலோ ஹெராயின், ஐந்து ஏகே-47 துப்பாக்கிகள், ஆயிரம் தோட்டாக்கள். சில வாரங்களில் வழக்கு தேசியப் புலனாய்வு முகமையிடம் போயிற்று. விடுதலைப் புலிகள் அமைப்புக்கு மறுபடி உயிரூட்டவே இந்தக் கடத்தல் என்பது முகமையின் குற்றச்சாட்டு. அது நிரூபணமாகிறதா என்பது நீதிமன்றத்தின் கவலை. போர் முடிந்து 12 ஆண்டுகள் ஆன பிறகும் அந்தப் போரின் பெயரைச் சொல்லி ஒரு வழக்கு விழிஞ்ஞத்தில் கரையேற முடிந்தது என்பது அக்கம்பக்கத்தார் அனைவரின் கவலை.

விழிஞ்ஞத்துக்குப் போர் புதிதல்ல. ஆய் மன்னர்களின் காலத்திலிருந்து பாண்டியரும் சோழரும் மாறி மாறிப் படையெடுத்த ஊர் இது. முதல் குலோத்துங்கன் விழிஞத்தை அழித்ததைக் கலிங்கத்துப்பரணி பெருமையோடு நினைவுகூர்கிறது. ஆனால் பரணி வென்றவனோடு நின்றுவிடும். தோற்ற ஊரில் மறுநாள் காலை வழக்கை யார் தீர்த்தார்கள், வரியை யார் வாங்கினார்கள், காணாமல் போனவர்களை யாரிடம் போய்க் கேட்டார்கள் என்பதெல்லாம் பரணிக்குத் தேவையில்லாத விஷயங்கள்.

இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் உலகம் அந்த மறுநாள் காலைக்கு ஒரு மருந்து கண்டுபிடித்தது. அதன் பெயர் தேர்தல்.

ஒரு மருந்து, பல நோயாளிகள்

பனிப்போர் முடிந்த வேகத்தில் மருந்து நன்றாகவே வேலை செய்வதாகத் தோன்றியது. 1989 நவம்பரில் நமீபியாவில் ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல் நடந்தது. அங்கே ஐ.நா. படைக்குத் தலைமை வகித்தவர் இந்தியத் தளபதி லெஃப்டினன்ட் ஜெனரல் திவான் பிரேம் சந்த். அடுத்த மார்ச்சில் நமீபியா சுதந்திர நாடாயிற்று. மறுபடி உள்நாட்டுப் போர் வரவில்லை.

அங்கோலாவில் அதே மருந்து விஷமாயிற்று. 1992 செப்டம்பரில் வாக்குப்பதிவு. பார்வையாளர்கள் வந்தார்கள், பொதுவாக நேர்மையாக நடந்தது என்றார்கள். தோற்றுப்போன ஜோனாஸ் சவிம்பி முடிவை ஏற்கவில்லை. அவரிடம் படை அப்படியே இருந்தது. 2002-இல் அவர் கொல்லப்படும் வரை போர் நீடித்தது.

கம்போடியாவில் 1993 மே மாதம் நடந்த தேர்தலுக்கு ஐ.நா. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அனுப்பியது. வாக்காளர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். ஜெயித்தது இளவரசர் ரணாரித்தின் கட்சி. ஆனால் நிர்வாகமும் துப்பாக்கியும் ஹுன் சென் கையில் இருந்தன. ஒரு நாட்டுக்கு இரண்டு பிரதமர்கள் என்ற விசித்திர சமரசம் ஏற்பட்டது. 1997 ஜூலையில் ஹுன் சென் மற்றவரை பலவந்தமாக வெளியேற்றினார். அதற்குள் ஐ.நா. மூட்டை கட்டிப் போய் நான்காண்டுகள் ஆகியிருந்தன.

பக்கத்து நேபாளம் இன்னொரு பாடம். 2006-இல் மாவோயிஸ்டுகளுடன் சமாதானம், 2008 ஏப்ரலில் அரசியல் நிர்ணய சபைத் தேர்தல். ஆயுதங்களைக் கண்காணித்த ஐ.நா. குழு 2011 ஜனவரியில் கிளம்பிவிட்டது. அரசியல் சட்டம் வந்தது 2015-இல். உள்ளாட்சித் தேர்தலோ 2017-இல்தான் நடந்தது. அதற்கு முந்தையது நடந்து 20 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் நடந்தது. போரிட்ட இரு தரப்புக்கும் அந்த ஏற்பாட்டில் பங்கு இருந்ததால் அது பிழைத்தது.

இந்த நான்கு நாடுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. வாக்குப்பதிவு நாளில் உலகத்தின் கண் எத்தனை கூர்மையாக இருந்தது என்பதைவிட, அதற்கு அடுத்த ஐந்து பத்து ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதே அமைதியைத் தீர்மானித்தது. இலங்கையின் கதை இதற்கு மிக நீளமான உதாரணம். அங்கே ஒன்றல்ல, மூன்று முறை வெளியார் வந்தார்கள்.

முதலில் இந்தியா, பிறகு நார்வே

முதலில் போனது இந்தியா. 1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனேயும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதன் விளைவாக இலங்கை அரசியல் சட்டத்தில் 13-ஆவது திருத்தம் நுழைந்தது. மாகாண சபைகள் பிறந்தன. 1988 நவம்பர் 19 அன்று இணைந்த வடகிழக்கு மாகாண சபைக்குத் தேர்தல். இந்திய அமைதிப்படை காவல் நிற்க, புலிகள் புறக்கணிக்க, வடக்கில் போட்டியே இல்லாமல் உறுப்பினர்கள் தேர்வானார்கள். வரதராஜப் பெருமாள் முதலமைச்சரானார். 1990 மார்ச்சில் அமைதிப்படையின் கடைசிக் கப்பல் புறப்பட்டது. சபையும் அந்த ஆண்டோடு போயிற்று. அந்த மண்ணில் இந்தியா சுமார் 1,200 வீரர்களை இழந்திருந்தது. காவலுக்கு நின்றவன் போனதும் கூடாரம் சரிந்தது.

இரண்டாவது நார்வே. 2002 பிப்ரவரி 22-இல் அரசும் புலிகளும் போர்நிறுத்த உடன்பாடு கண்டார்கள். நார்வே, சுவீடன், பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாட்டவர் அடங்கிய கண்காணிப்புக் குழு வந்தது. அவர்களிடம் ஆயுதம் இல்லை, நோட்டுப் புத்தகம் இருந்தது. மீறல்களைப் பதிவு செய்தார்கள். தடுக்கும் அதிகாரம் இல்லை. 2003 ஜூனில் டோக்கியோவில் கூடிய நாடுகள் 450 கோடி டாலர் உதவி தருவதாக வாக்களித்தன. புலிகள் அந்த மாநாட்டுக்கே வரவில்லை. 2006 மே மாதம் ஐரோப்பிய யூனியன் புலிகளைத் தடை செய்ததும், யூனியனைச் சேர்ந்த மூன்று நாட்டவரும் வெளியேற வேண்டும் என்று புலிகள் சொல்லிவிட்டார்கள். 2008 ஜனவரியில் அரசு உடன்பாட்டிலிருந்து விலகியது. தன் முயற்சி ஏன் தோற்றது என்று நார்வே பின்னாளில் வெளியாரைக் கொண்டு ஆய்வு செய்து 2011-இல் அறிக்கையை வெளியிட்டது. தோல்வியை இப்படி மேஜை மீது வைக்கும் நடுவர்கள் குறைவு.

அந்த இடைக்காலத்தில்தான் தேர்தல் வரலாற்றில் மறக்க முடியாத ஒரு நாள் வந்தது. 2005 நவம்பர் 17, ஜனாதிபதி தேர்தல். அயர்லாந்தைச் சேர்ந்த ஜான் குஷ்னஹான் தலைமையில் ஐரோப்பியப் பார்வையாளர்கள் வந்திருந்தார்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் சுமார் ஏழு லட்சம் பெயர்கள் பட்டியலில் இருந்தன. விழுந்த வாக்கு 1.21 சதவீதம். வாக்களிக்கக் கூடாது என்ற புலிகளின் நெருக்குதல் அப்படி. நாடு முழுவதற்கும் மகிந்த ராஜபக்சே ஜெயித்த வித்தியாசம் 1,80,786 வாக்குகள். வடக்கு வாக்களித்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்ற விவாதம் இன்று வரை ஓயவில்லை. வாக்குச்சாவடி இருந்தது, பெட்டி இருந்தது, வெளிநாட்டுப் பார்வையாளரும் இருந்தார். வாக்காளர் மட்டும் இல்லை.

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. கடைசி மாதங்களில் இறந்த பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கலாம் என்று ஐ.நா. பொதுச் செயலர் அமைத்த நிபுணர் குழு 2011-இல் சொன்னது. மக்களைக் காக்கும் கடமையில் ஐ.நா.வே தவறியது என்று அதன் உள் ஆய்வு 2012 நவம்பரில் ஒப்புக்கொண்டது. போரைத் தடுக்கத் தவறிய உலகம், போருக்குப் பிந்தைய காலத்திலாவது உருப்படியாக எதையேனும் செய்ய விரும்பியது.

செப்டம்பர் 21

கிழக்கு மாகாணத்தில் 2008-லேயே தேர்தல் நடந்துவிட்டது. வடக்குக்கு மட்டும் நாள் குறிக்கப்படவில்லை. 2013 மார்ச்சில் ஜெனிவாவில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில் இலங்கை குறித்து நிறைவேற்றிய தீர்மானம், வட மாகாண சபைத் தேர்தலை செப்டம்பரில் நடத்துவதாக அரசு அறிவித்ததை வரவேற்றது. இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்தது. நவம்பரில் கொழும்பில் காமன்வெல்த் உச்சி மாநாடு. விருந்தாளிகள் வருமுன் வீட்டை ஒழுங்கு செய்யவேண்டிய அவசரம் ராஜபக்சே அரசுக்கு.

2013 செப்டம்பர் 21 அன்று தேர்தல் நடந்தது. கென்யாவின் முன்னாள் துணை ஜனாதிபதி கலோன்சோ முசியோகா தலைமையில் காமன்வெல்த் பார்வையாளர்கள் வந்தார்கள். பார்ப்பதற்கு நிறையவே இருந்தது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வேட்பாளர் அனந்தி சசிதரனின் வீடு வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவில் தாக்கப்பட்டது. சரணடைந்தபின் காணாமல் போன புலிகளின் அரசியல் பொறுப்பாளர் ஒருவரின் மனைவி அவர். வாக்குப்பதிவு நாளன்று யாழ்ப்பாணத்தின் 'உதயன்' நாளிதழின் பெயரில் ஒரு போலிப் பதிப்பு உலவியது. அனந்தி கட்சி மாறிவிட்டார் என்றது அது. ராணுவத்தின் தலையீடு சமமான போட்டியைக் கெடுத்தது என்று காமன்வெல்த் குழு எழுதியது.

அப்படியும் மக்கள் வரிசையில் நின்றார்கள். சுமார் 67 சதவீத வாக்குப்பதிவு. எட்டு ஆண்டுகளுக்கு முன் 1.21 சதவீதம் பதிவான யாழ்ப்பாணமும் அந்த வரிசையில் இருந்தது. கூட்டமைப்புக்கு 78 சதவீத வாக்கு, 38-இல் 30 இடங்கள். விருப்பு வாக்குகளில் அனந்தி இரண்டாவது இடம். உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி சி.வி. விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். நவம்பரில் பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரூன் யாழ்ப்பாணமே வந்துவிட்டுப் போனார். பார்வையாளர்கள் அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார்கள். அவர்கள் வேலை முடிந்தது. சபையின் வேலை தொடங்கியது.

கையில் சாவி இல்லாத அவை

யாழ்ப்பாணத்துக்கு அருகே கைதடியில் கூடிய அந்த அவைக்கு என்ன அதிகாரம் இருந்தது? 13-ஆவது திருத்தம் காணி, போலீஸ் அதிகாரங்களை மாகாணத்துக்குத் தருவதாகச் சொல்கிறது. நடைமுறையில் இரண்டும் கொழும்பின் கையில். நிதி சம்பந்தமான எந்தச் சட்டத்துக்கும் ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரின் பரிந்துரை தேவை. தேர்தல் நடந்தபோது ஆளுநராக இருந்தவர் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி மேஜர் ஜெனரல் ஜி.ஏ. சந்திரசிறி. 2015 ஜனவரியில் கொழும்பில் ஆட்சி மாறும் வரை அவரே நீடித்தார். மாகாணத்தின் பிரதம செயலாளருக்கு உத்தரவிட முதலமைச்சர் செய்த முயற்சி உச்ச நீதிமன்றம் வரை போய் 2014-இல் தோற்றது. வெளிநாட்டுத் தமிழர்களின் பணத்தை வாங்கிச் செலவிட உதவியிருக்கக்கூடிய முதலமைச்சர் நிதியம் அனுமதி கிடைக்காமல் கிடந்தது.

எல்லாப் பழியையும் கொழும்பின் மீது போடுவதும் நியாயமாகாது. கைதடியில் தீர்மானங்கள் நூற்றுக்கணக்கில் நிறைவேறின. ஊருக்குப் பயன்படும் நியதிச் சட்டங்கள் வெகு சில. 2017-இல் அமைச்சர்கள் மீதான ஊழல் புகார் விசாரணை, சொந்தக் கட்சிக்காரர்களே முதலமைச்சர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரும் அளவுக்கு முற்றியது. ஆனால் சரியாக ஆளாதவர்களை வீட்டுக்கு அனுப்ப ஜனநாயகத்தில் ஒரே வழிதான் உண்டு. அடுத்த தேர்தல். அதுதான் வரவில்லை.

வராமல் போன விதம் வினோதமானது. துப்பாக்கி தூக்கப்படவில்லை, யாரும் புறக்கணிக்கவில்லை. 2017 செப்டம்பரில் நாடாளுமன்றம் மாகாண சபைத் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் இயற்றியது. பழைய விகிதாசார முறைக்குப் பதிலாகத் தொகுதிகளும் கலந்த முறை. அதற்குத் தொகுதி எல்லைகளை வரைய ஒரு குழு. அந்தக் குழுவின் அறிக்கை 2018 ஆகஸ்ட் 24 அன்று வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு பூஜ்யம். எதிர்ப்பு 139. அறிக்கையைச் சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறை சட்டத்தில் இல்லை. புதிய முறைக்கு எல்லைகள் இல்லை. தேர்தல் இரண்டுக்கும் நடுவே சிக்கிக்கொண்டது.

அந்த ஆண்டு அக்டோபரில் வட மாகாண சபையின் ஐந்தாண்டுக் காலம் முடிந்தது. அதே வாரத்தில் ஜனாதிபதி சிறிசேனா பிரதமரை நீக்கியதால் கொழும்பில் பெரும் அரசியல் நெருக்கடி வெடித்தது. உலகப் பத்திரிகைகளின் கவனமெல்லாம் அங்கே போயிற்று. கைதடியில் விளக்கு அணைந்ததைக் கவனித்தவர் சிலரே. 2019 முடிவதற்குள் நாட்டின் ஒன்பது மாகாண சபைகளும் காலாவதியாகிவிட்டன. அன்றிலிருந்து மாகாணங்கள் ஆளுநர் பொறுப்பில். 2025-ஆம் ஆண்டும் மாகாண சபைத் தேர்தல் இல்லாமலே கழிந்தது.

அழைத்தால் வரும் விருந்தாளி

இந்த ஆண்டுகளில் வெளிநாட்டுப் பார்வையாளர்கள் இலங்கைக்கு வராமல் இருந்துவிடவில்லை. 2015 நாடாளுமன்றத் தேர்தலுக்கு ருமேனியாவின் கிறிஸ்தியன் பிரெடா தலைமையில் ஐரோப்பிய யூனியன் குழு வந்தது. 2019 ஜனாதிபதி தேர்தலுக்குப் போர்ச்சுகலின் மரிசா மத்தியாஸ். 2024-இல் ஸ்பெயினின் நாச்சோ சாஞ்செஸ் அமோர். காமன்வெல்த் சார்பில் அதே ஆண்டு செஷல்ஸ் முன்னாள் ஜனாதிபதி டேனி ஃபோர். ஒவ்வொரு குழுவும் சிபாரிசுகள் எழுதிக்கொடுத்தது. சில சிபாரிசுகள் பலித்தன. தேர்தல் செலவுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னதற்கு 2023-இல் ஒரு சட்டம் வந்தது.

ஆனால் பார்வையாளர் என்பவர் விருந்தாளி. அழைப்பு வந்தால்தான் வரமுடியும். தேர்தல் அறிவிக்கப்பட்டால்தான் அழைப்பு வரும். அறிவிக்கப்படாத தேர்தலைப் பற்றி அறிக்கை எழுத எந்தக் குழுவும் விமானம் ஏறுவதில்லை. பெட்டியைத் திருடினால் உலகத்துக்குத் தெரிந்துவிடும். பெட்டியை வெளியே எடுக்காமலே இருந்துவிட்டால்?

இதற்கு இன்னும் துலக்கமான சாட்சி 2023 மார்ச். பொருளாதாரம் சரிந்திருந்த நேரம். மார்ச் 9 அன்று நடக்கவேண்டிய உள்ளாட்சித் தேர்தல், பணமில்லை என்ற காரணத்தால் ஒத்திப்போனது. வாக்குச்சீட்டு அச்சடிக்கவே கருவூலம் பணம் தர மறுத்தது. அதே மார்ச் 20 அன்று சர்வதேச நிதியம் சுமார் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. வரி, மின்கட்டணம், அரசு நிறுவனங்கள் என நிபந்தனைகளின் பட்டியல் நீளமாக இருந்தது. ஊழல் ஒழிப்பும் நல்லாட்சியும் கூட அதில் இருந்தன. நடக்காமல் நின்ற தேர்தலைப் பற்றி அதில் ஒரு நிபந்தனையும் இல்லை.

கடைசியில் அதைக் கேட்டவர்கள் உள்ளூர்க்காரர்கள். 'பெப்ரல்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் கண்காணிப்பு அமைப்பு 1987-இலிருந்து இயங்குகிறது. தேர்தல் வன்முறைகளைக் கண்காணிக்கும் நிலையம் 1997-இலிருந்து. தேர்தல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஊரிலேயே இருப்பவர்கள் இவர்கள். உள்ளாட்சித் தேர்தலை நடத்தாதது வாக்காளர்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6 அன்று அந்தத் தேர்தல் நடந்தேவிட்டது.

வெளி உலகத்தின் கையில் பிடி இல்லை என்றும் சொல்ல முடியாது. மனித உரிமை நிலைமையைக் காரணம் காட்டி 2010-இல் நிறுத்திய வரிச் சலுகையை ஐரோப்பிய யூனியன் 2017-இல் திருப்பித் தந்தது. அந்தச் சலுகையை நம்பி இலங்கையின் ஆயத்த ஆடைத் தொழிலே இருக்கிறது. 2021 மார்ச்சில் ஜெனிவா தீர்மானம் மாகாண சபைத் தேர்தலை நடத்துமாறு பெயர் சொல்லிக் கேட்டது. 13-ஆவது திருத்தத்தை முழுமையாக அமல்படுத்துங்கள் என்று இந்தியா ஒவ்வொரு சந்திப்பிலும் சொல்கிறது. ஆனால் அது அறிக்கையில் ஒரு வாக்கியமாக நின்றுவிடுகிறது. 2021 தீர்மானத்தின் மீதான வாக்கெடுப்பில் இந்தியா நடுநிலை வகித்தது. வடக்கில் பல்லாயிரம் வீடுகளும், போரில் பெயர்ந்துபோன ரயில் பாதையும் இந்தியப் பணத்தில் எழுந்தன. யாழ்ப்பாணத்துக்கு 2014 அக்டோபரில் ரயில் திரும்பியது. கட்டடம் கட்டுவதில் காட்டிய அக்கறையில் பாதி, தான் கையெழுத்திட்டுப் பிறப்பித்த அவையின் மீது காட்டினாலே போதும்.

யாரிடம் போய்க் கேட்பது?

மாகாண சபை இல்லாவிட்டால் என்ன குறைந்துவிட்டது என்று கொழும்பில் கேட்பவர்கள் உண்டு. ஆசிரியர் இடமாற்றம், கிராம ஆஸ்பத்திரி, உள்ளூர்ச் சாலை எல்லாம் அதிகாரிகளைக் கொண்டே நடக்கின்றன. நடக்கலாம். ஆனால் நடக்காதபோது கேட்பதற்கு, வாக்கு வாங்கிப்போன ஒருவர் வேண்டும்.

2015-க்குப் பிறகு உலகத்தின் உதவியோடு இலங்கையில் ஒரு நல்ல முயற்சி நடந்தது. ஐ.நா.வின் அமைதிக் கட்டமைப்பு நிதியும் கைகொடுத்தது. வழக்கறிஞர் மனோரி முத்தெட்டுவேகம தலைமையிலான குழு நாடெங்கும் போய் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கருத்துகளைத் திரட்டியது. வெளிநாட்டு நீதிபதிகளும் இடம்பெறும் விசாரணை மன்றம் வேண்டும் என்று 2017 ஜனவரியில் சிபாரிசு செய்தது. அறிக்கை பெறப்பட்டது, அத்தோடு சரி. காணாமல் போனோருக்கான அலுவலகத்துக்கு 2016-இல் சட்டம் வந்து, 2018-இல் அது வேலை தொடங்கியது. அதற்குள் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார்கள் சாலையோரம் பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஆண்டுகள் உருண்டன. உட்கார்ந்தவர்களில் பலர் பிள்ளையைப் பற்றி ஒரு பதிலும் கிடைக்காமலே இறந்துபோனார்கள். அவர்களுடைய மாகாணத்தில் அவர்களுக்காகப் பேசவேண்டிய அவை அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி இல்லாமல் இருந்தது.

இத்தனைக்கும் வாக்காளர்கள் சலித்துப்போகவில்லை. 2024 நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு இடங்களில் மூன்றை அநுர குமார திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்திக்குத் தந்தார்கள். தெற்கிலிருந்து வந்த ஒரு கட்சி அங்கே முதலிடம் பிடித்தது எவரும் எதிர்பாராதது. வாக்குப்பெட்டியை நம்பி, பழைய வேலியைத் தாண்டி, வடக்கு ஓர் அடி எடுத்து வைத்தது. அந்தத் தேர்தலில் 225-இல் 159 இடங்களைப் பிடித்த கட்சிக்குச் சட்டத்தைத் திருத்த எண்ணிக்கைப் பஞ்சம் இல்லை. பழைய விகிதாசார முறையிலேயே ஒருமுறை நடத்த வழிசெய்யும் சிறு திருத்தம் போதும் என்பது பல ஆண்டுகளாகப் பலரும் சொல்லும் யோசனை.

விழிஞ்ஞத்துக்கே இதில் ஒரு சிறு அனுபவம் உண்டு. 2022-இல் துறைமுகத்தை எதிர்த்து மீனவர்கள் நான்கு மாதத்துக்கும் மேல் போராடினார்கள். நவம்பர் 27 அன்று கூட்டம் போலீஸ் நிலையத்தைத் தாக்கியது. முப்பதுக்கும் மேற்பட்ட போலீசார் காயமடைந்தார்கள். ஊர் இரண்டுபட்டு நின்றது. மலங்கரை கத்தோலிக்க சபையின் கர்தினால் பசேலியோஸ் கிளீமிஸ் நடுவே வந்து பேசினார். டிசம்பர் 6 அன்று போராட்டம் ஓய்ந்தது. ஓர் ஊரின் சண்டையை 26 ஆண்டுப் போரோடு ஒப்பிட முடியாது. ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டும் ஒன்று. நடுவர் எழுந்து போவார், போகத்தான் வேண்டும். மறுவாழ்வு வேலைகளைக் கண்காணிக்கத் தலைமைச் செயலர் தலைமையில் ஒரு குழு என்று விழிஞ்ஞத்தில் முடிவாயிற்று. அந்தக் குழு சரியாக வேலை செய்கிறதா என்று கேட்க, மீனவர்களுக்கு ஒரு மாநகராட்சியும் ஒரு எம்.எல்.ஏ.வும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தவறாத தேர்தலும் இருக்கின்றன. வடக்கு மாகாணத்துத் தாய்மார்களுக்கு அந்தக் கடைசி வசதிதான் இல்லாமல் போனது.

புதிய துறைமுகத்தில் எந்தக் கப்பல் எந்த நாளில் எத்தனை மணிக்கு வரும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். கைதடி 2018-இலிருந்து காத்திருப்பதும் அப்படி ஒரு தேதிக்காகத்தான்.